நகர நில வரைபடம்: உங்கள் கேள்விகள், ஓய்வுபெற்ற நில அளவரின் பதில்கள்

பத்திரத்தில் 2,400 சதுர அடி. நகர நில அளவை முடிந்து வந்த பதிவேட்டில் 218 சதுர மீட்டர்தான். மீதி எங்கே போனது சார்?

218 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 2,346 சதுர அடி. உங்கள் மனை 40க்கு 60 என்றால், அகலத்தில் சுமார் 11 அங்குலம் குறைந்தாலே இந்தக் கணக்கு வந்துவிடும். மனை பிரித்தவர் டேப் பிடித்த விதம், சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டியது, பக்கத்து வீட்டுச் சுவர் சாய்ந்து வந்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். முதலில் எந்தப் பக்கம் குறைகிறது என்று பாருங்கள். மொத்தப் பரப்பை வைத்துச் சண்டை போடுவதில் பயன் இல்லை. நான்கு பக்க அளவையும் மனைப்பிரிவு வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். 1923ஆம் வருட நில அளவை, எல்லைகள் சட்டப்படி 9(2) நோட்டீஸ், அதாவது எல்லை எது என்று அளவை அதிகாரி எடுத்த முடிவைச் சொல்லும் நோட்டீஸ், வீட்டுக்கு வரும். அதை மேஜை டிராயரில் போட்டு மூடாதீர்கள். ஆட்சேபிக்க அதுதான் நேரம். அளவை முடிந்தது என்று சொல்லும் பிரிவு 13 அறிவிக்கை வந்துவிட்டால் அந்த எல்லை சரியானது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் மூன்று வருடத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

பழைய புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான அளவு வரைபடத்தில்) அளவுகள் லிங்க்ஸில் இருக்கின்றன. ஒரு லிங்க்ஸ் எவ்வளவு?

7.92 அங்குலம். நூறு சேர்ந்தால் ஒரு சங்கிலி, 66 அடி.

பத்திரம் பதிந்தால் வரைபடம் தானாக மாறாதா?

மாறாது. முழு சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால் பட்டாவில் பெயர் மாறினால் போதும், கோடு அப்படியே இருக்கும். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய வேண்டும். அதற்கு சர்வேயர் வந்து அளந்து, புது எண் கொடுத்த பிறகுதான் கோடு விழும்.

(கட்டடவியல் மாணவர்) 'நக்‌ஷா' திட்டத்தில் நகர நிலத்தை அளக்க வானிலிருந்தே படம் எடுக்கிறார்கள். இனி சங்கிலியும் கல்லும் எதற்கு?

நல்ல திட்டம்தான். 2025 பிப்ரவரி 18 அன்று மத்தியப் பிரதேசம் ராய்சேனில் தொடங்கினார்கள். தொடக்கத்தில் நாடு முழுக்க 152 நகர உள்ளாட்சிகளில் சோதனை முயற்சி. ஆனால் கேமராவுக்குத் தெரிவது கூரை விளிம்பும் சன்ஷேடும்தான். எல்லை அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது.

(மாணவர் மறுபடி) படத்தின் துல்லியம் சில சென்டிமீட்டர். சங்கிலியில் அது வருமா?

வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தக் கோட்டை அளப்பது என்று யார் சொல்வது? ஒட்டு வீடுகள் இருக்கும் பழைய தெருவுக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்க உத்திரமும் அந்தப் பக்க உத்திரமும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். பத்திரத்தில் 'பொதுச்சுவர்' என்று இருந்தால் கோடு சுவரின் நடுவில். ஒருவர் சொந்தச் சுவராக இருந்து, மற்றவருக்கு உத்திரம் வைக்க மட்டும் பாத்தியம் என்றால், கோடு சுவரின் வெளிமுகத்தில். ஒன்பது அங்குலச் சுவரில் நாலரை அங்குலம் வித்தியாசம். பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உத்திரம் சுவரில் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்று ஏணி போட்டுப் பார்த்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் அது ஒரே ஓட்டுக் கூரை.

(வேறொருவர்) மாணவர் சொல்வதுதான் சரி. ஆள் வந்தால்தான் லஞ்சம்.

லஞ்சம் கேட்டால் புகார் கொடுங்கள். அதற்காக ஆளே வரக்கூடாது என்றால், தப்பாக விழுந்த கோட்டை யாரிடம் காட்டுவீர்கள்? வானில் எடுத்த படத்தையும் தரையில் சரிபார்த்தே ஆக வேண்டும். அந்த நாளில் வீட்டில் இருங்கள், பத்திர நகலைக் காட்டுங்கள், அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பாருங்கள். உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதிந்து மூன்று வருடம் ஆகிறது, வரைபடத்தில் என் பெயர் இல்லையே?

வரைபடத்தில் யார் பெயரும் இருக்காது, எண்தான் இருக்கும். பெயர் பதிவேட்டில் வரும். உட்பிரிவு பற்றி மேலே எழுதியிருக்கிறேன்.

பத்திரம் பதிந்தாயிற்று. வரைபடம் எப்போது மாறும்?

மேலே படியுங்கள்.

அண்ணன் பாகம் பிரித்துத் தர மறுக்கிறார்.

இது வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது. பாகம் முடிவானபின் உட்பிரிவுக்கு வாருங்கள்.

வேலி போட இடைஞ்சலாக இருக்கிறது, சர்வே கல்லைக் கொஞ்சம் நகர்த்தலாமா?

கூடாது. கல்லைப் பாதுகாப்பது நிலம் வைத்திருப்பவரின் கடமை. வேலியைத் தள்ளிப் போடுங்கள். 9(2) நோட்டீஸ் வந்திருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள்.