உழைத்து வாங்கினால் பரிசு பெரிதாகுமா? கேள்வி பதில்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பரிசு கொடுத்துப் பழக்குவது பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள், ஒன்றாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மகனுக்குப் பிடித்த பொம்மையைச் சும்மா கொடுத்தால் என்ன, வேலை முடித்ததும் கொடுத்தால் என்ன?

பதில்: கேட்காமலே நாள் முழுக்கக் கையில் இருப்பது சீக்கிரம் சலித்துவிடும். செய்து வாங்கியதன் மேல் ஆசை கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கலாம், ஆனால் எல்லாரிடமும் ஒரே அளவில் அல்ல.

கேள்வி: அப்படியென்றால் வேலையைக் கடினமாக்கினால் பரிசு இன்னும் பிடித்துப்போகுமா?

பதில்: இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். புறாக்களை வைத்து 2000இல் வந்த ஆய்வு ஒன்றில், அலகால் ஒரே ஒரு முறை கொத்திய பின் வந்த நிறத்தைவிட 20 முறை கொத்திய பின் வந்த நிறத்தையே அவை பிற்பாடு அதிகம் தேர்ந்தெடுத்தன, இரண்டு நிறத்துக்குப் பின்னும் கிடைத்த தீனி ஒன்றுதான். அதற்காகப் புறாவுக்கு உழைப்பு பிடிக்கும் என்று அர்த்தமில்லை, கஷ்டத்துக்குப் பின் வருவதால் அது பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான் (ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது). வேலையில் இறங்கும் முன்போ கதை தலைகீழ், அங்கே உழைப்பு என்பது கொடுக்க வேண்டிய விலை. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களிடம் 1997இல் நடந்த ஆய்வில், ஒரே வகையான இரண்டு பொருட்கள் வேலை லேசாக இருந்தவரை சமமாகவே தெரிந்தன, வேலை கூடக்கூட ஒன்று முந்தியது. ஆக, எளிய பாடத்துக்குச் சரியாக வேலை செய்த பரிசு கடினமான பாடத்தில் கைவிட்டால் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள், பரிசை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: கடினமான வேலைக்கும் எந்தப் பரிசு தாங்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரண்டிரண்டாக வைத்து எதை எடுக்கிறார் என்று பாருங்கள். அப்புறம் முதல் தடவை 1 செயலுக்குப் பரிசு, அடுத்து 2, பிறகு 4, 8 என்று ஏற்றிக்கொண்டே போங்கள், அவர் எங்கே நிறுத்துகிறாரோ அதுதான் அந்தப் பொருளின் மதிப்பு. முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள், தினமும் செய்கிற சோதனை இல்லை இது.

கேள்வி: பேச்சே வராதவருக்கு 'நானே சம்பாதித்தேன்' என்று தோன்றுமா?

பதில்: தோன்றுகிறதோ இல்லையோ, அடுத்த முறை எதற்குக் கை நீட்டுகிறார் என்பதில் தெரிந்துவிடும்.

கேள்வி: பிடித்ததையெல்லாம் பூட்டிவைத்து, உழைத்தால்தான் என்று சொல்லலாமா?

பதில்: கூடாது. சாப்பாடு, ஓய்வு, மடியில் உட்காருவது இதெல்லாம் பரிசுப் பட்டியலிலேயே வரக்கூடாது. பாடத்துக்கென்று ஒன்றிரண்டு பொருளை மட்டும் தனியாக வையுங்கள், மீதி எப்போதும் போல அவர் கைக்கு எட்டும்படியே இருக்கட்டும்.