பழைய அணு உலையில் குழாய் தேய்ந்தால்?

கேள்வி: ஐயா, கடற்காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே நாலைந்து வருஷத்தில் செதில் செதிலாக உதிர்கிறது. அணு உலைகள் நாற்பது வருஷம் ஓடும் என்கிறார்களே, உள்ளே இருக்கும் இரும்பு எப்படித் தாங்கும்? கசிந்தால் உடனே தெரிந்துவிடுமா?
- ஒரு வாசகி, சின்னமுட்டம்

பதில்: அம்மா, ஓய்வு பெறும் வரை அனல் மின் நிலையங்களில் குழாயின் தடிப்பை அளப்பதுதான் என் வேலை. உங்கள் ஜன்னல் துரு கண்ணுக்குத் தெரியும். குழாய் உள்ளுக்குள்ளேயே தேயும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அதைச் சுரண்டி, கொஞ்சம் கூழ் தடவி, மீயொலிக் கருவியின் முனையை வைத்தால் திரையில் எண் வரும். நேர்க்குழாயில் 9.8 மி.மீ., 9.7 மி.மீ. என்று வந்துகொண்டிருக்கும். வளைவின் வெளிப்பக்கம் போனதும் சட்டென்று 6 என்று விழும். கை அப்படியே நின்றுவிடும்.

ஓட்டத்தை அளக்கக் குழாய்க்குள் வைக்கும் துளைத்தகட்டை அடுத்த இடமும் இப்படித்தான். தண்ணீர் அங்கே சுழன்று, இரும்பின் காப்புப் படலத்தைக் கரைத்துக்கொண்டே இருக்கும். ஜப்பானில் 1976-இல் ஓடத் தொடங்கிய மிஹாமா மூன்றாம் உலையில், அந்த இடம் பரிசோதனைப் பட்டியலில் விடுபட்டுப் போனது. 28 வருஷம் யாரும் அளக்கவே இல்லை. 10 மி.மீ. தடிப்புள்ள குழாய்ச் சுவர் 1.5 மி.மீ.-க்கும் கீழே மெலிந்து, 2004 ஆகஸ்ட் 9 அன்று வெடித்தது. அது டர்பைன் பக்கத்துத் தண்ணீர், கதிரியக்கம் இல்லாதது. ஆனாலும் கொதிநீரும் ஆவியும் பட்டு ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒரே ஒரு முறை அங்கே முனையை வைத்துப் பார்த்திருந்தால் போதும். எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

சரி, கசிந்தால் தெரியுமா? தெரியும். தெரிந்தும் விட்டுவிடுவதுதான் என் பயம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி உலையின் மூடியில், உலையைக் குளிர்விக்கும் நீர் விரிசல் வழியே கசிந்தது. அந்த நீரில் போரிக் அமிலம் கலந்திருக்கும். நீர் ஆவியாக, அமிலம் அடர்ந்து எஃகைத் தின்னும். காற்று வடிகட்டிகள் துருவால் அடிக்கடி அடைத்தன. மாற்றி மாட்டினார்களே தவிர, துரு எங்கிருந்து வருகிறது என்று விடாமல் தேடவில்லை. 2002-இல் பார்த்தபோது சுமார் 16 செ.மீ. எஃகு அந்த இடத்தில் முழுக்கக் கரைந்து, ஒரு செ.மீ.கூட இல்லாத உள்பூச்சுத் தகடு மட்டும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

கேள்வி: கூடங்குளம் எங்களுக்குப் பக்கம். அங்கேயும் இப்படி ஆகுமா?
- ஒரு வாசகர், அஞ்சுகிராமம்

பதில்: முதல் உலை 2013-இல்தான் இயங்கத் தொடங்கியது, வயதானது என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கும் குளிர்விக்கும் நீரில் போரிக் அமிலம் உண்டு, வளைவுகளும் உண்டு. எந்த இடத்தை எந்த வருஷம் அளந்தார்கள், எத்தனை மி.மீ. வந்தது என்று கேளுங்கள் தம்பி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தமிழிலேயே மனு எழுதலாம். மறுத்தால், 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.