நான்காம் அத்தியாயத்தில் நிற்கும் தங்கைக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆசிரியர் வேலை, இரண்டு பிள்ளைகள், மலாயா அவசரகாலத்து (பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்டுகளோடு மோதிய காலம்) ரப்பர் தோட்டங்கள் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடு ஓராண்டாக நகரவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். 1948 ஜூன் 16 அன்று அந்த அவசரகாலத்துக்கு வழிவைத்து, மூன்று வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் கொல்லப்பட்டது உங்கள் ஊர்ப்பக்கம்தானே. அந்த மண்ணிலிருந்தே ஒருவர் எழுத வேண்டும்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய்விடுவார், வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். நானும் காலை 5 முதல் 6 வரை எழுதித்தான் முடித்தேன், கைப்பேசி அடுப்படியில் கிடக்கும். தினமும் வேண்டாம், ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும். மரத்துக்கும் அந்த ஓய்வு உண்டு.

அப்புறம், அரைகுறை வரைவை இந்த வாரமே மேற்பார்வையாளருக்கு அனுப்புங்கள். நான் ஆறு மாதம் ஒளித்து வைத்திருந்தேன். அவர் பத்து நிமிடத்தில் வழி காட்டிவிட்டார்.