வீட்டு ஸ்டூடியோ: முட்டை அட்டை முதல் வில்லுப்பாட்டு வரை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி 'எந்த மைக் வாங்கலாம்' ரகம். அவற்றை ஒரே பதிலில் முடித்துவிட்டேன். மற்றவை கீழே.

நல்ல மைக் ஒன்று சொல்லுங்கள் அண்ணாச்சி.
(பேட்டை, மேலப்பாளையம், கடையநல்லூரிலிருந்து பலர்)

காலைக் காட்டாமல் செருப்பு சைஸ் கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? யார் பாடுகிறார், எந்த அறை, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் எது என்று மூன்று விவரமாவது எழுத வேண்டாமா? எழுதாதவர்களுக்குப் பொதுவாகச் சொல்கிறேன். அறையில் எதிரொலி இருக்கிறது, வாசலில் ஆட்டோ போகிறது என்றால், அருகில் உள்ளதையே பெரும்பாலும் பிடிக்கும் டைனமிக் மைக். ஷூர் எஸ்எம்58 வந்தது 1966இல், இன்றும் உழைக்கிறது. மெத்தை, துணி, புத்தகம் எல்லாம் நிறைந்த அமைதியான அறை என்றால், நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக். எதை வாங்கினாலும் வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, உச்சச் சத்தம் (பீக்) -10 டெசிபலைத் தாண்டாத கெயின். விலை கூடிய மைக் என்பதற்காகச் சுருதி சேர்ந்துவிடாது.

10க்கு 10 அறை. நான்கு சுவரிலும் முட்டை அட்டை ஒட்டிவிட்டேன். தெருச் சத்தமும் குறையவில்லை, குரலும் பானைக்குள் பாடியதுபோல் இருக்கிறது.
(பாளையங்கோட்டை)

முட்டை அட்டை முட்டைக்குத்தான் தம்பி. வெளிச் சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். நாலு அவுன்ஸ் காகிதக்கூழால் அது ஆகாது. அட்டை செய்வதெல்லாம் உச்சஸ்தாயியைக் கொஞ்சம் மழுக்குவதுதான். கீழே உள்ள இரைச்சல் அப்படியே நிற்பதால் பானை இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

உங்கள் அறையின் நோய் அதன் அளவில் இருக்கிறது. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே 10 அடி என்றால் 56 ஹெர்ட்ஸில் ஒரு முழக்கம், அதன் மடங்குகளாக 112, 168. நீளம், அகலம், உயரம் மூன்றுமே 10 அடி என்றால் மூன்று முழக்கமும் ஒரே இடத்தில் வந்து சேரும். ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடும் ஆணுக்கு மந்திர சுத்த தைவதம் 110 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறையும் சேர்ந்து பாடுகிறது. நட்டநடுவில் நின்று பாடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் 56 காணாமல் போகும், 112 பொங்கும். முதலில் மூன்றடி தள்ளி நில்லுங்கள். காசே செலவில்லை.

அப்புறம் ராக்வுல் (பாறைக் கம்பளி) வாங்கி, 4 அங்குலக் கனத்தில் சட்டம் அடித்து, காடாத் துணி போர்த்தி, சுவரிலிருந்து 4 அங்குலம் விட்டு மாட்டுங்கள். 100 ஹெர்ட்ஸ் அருகே வரை அடங்கும். அதற்கும் வழியில்லை என்றால் பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்திவையுங்கள். பத்தமடைப் பாய் மாட்டலாமா என்று அடியில் ஒரு கேள்வி வேறு கேட்டிருக்கிறீர்கள். அழகாக இருக்கும், அவ்வளவுதான். அட்டையை இன்றைக்கே பிய்த்துவிடுங்கள். பக்கத்தில் சாமி படமும் ஊதுபத்தியும் இருப்பதைப் புகைப்படத்தில் பார்த்தேன். பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

லேப்டாப் சார்ஜர் போட்டால் 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம். பதிவு செய்துவிட்டு மிக்ஸிங்கில் எடுத்துவிடலாமா?
(அம்பாசமுத்திரம்)

'மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற வாக்கியத்தை என்னிடம் சொல்லாதீர்கள். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த 'ங்ங்ங்' (ஹம்) அங்கேயும் 100, 150, 200 என்று அதன் மடங்குகளிலும் உட்காரும். அதை அறுத்தெடுத்தால் குரலின் சதையும் சேர்ந்து வரும்.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். பிறகும் இருந்தால் வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழி என்றால் சித்திரை வெயிலில் காய்ந்துபோகும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாலே பல வீடுகளில் பாதி ஹம் அடங்கியதைப் பார்த்திருக்கிறேன். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வருகிறதென்றால் அது சதுர அலை இன்வெர்ட்டர். சைன் வேவ் தேவை. எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் செருகினால் ஹம் போகும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஹம் போகும், ஆளும் போகலாம்.

பாடும்போது என் குரல் எனக்கே தாமதமாகக் கேட்கிறது.
(வள்ளியூர்)

பதிவு மென்பொருளில் பஃபரை, அதாவது ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை, 128க்கு இறக்குங்கள். மிக்ஸ் செய்யும்போது 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம். கடிதத்தின் கடைசி வரியில் 'புளூடூத் ஹெட்போன்தான் வைத்திருக்கிறேன்' என்று போட்டிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் போட்டிருக்க வேண்டும். தாமதத்துக்கு அதுவும் காரணம். வயர் உள்ளதை வாங்குங்கள்.

எங்கள் ஊர் வில்லுப்பாட்டுக் குழுவைப் பதிவு செய்யப்போகிறேன். இரண்டு இன்புட் இன்டர்ஃபேஸ் என்பதால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கிளிக் (தாளம் காட்டும் டிக்-டிக்) போட்டு எடுத்து, குடத்துக்கு மட்டும் சாம்பிள் (முன்பே பதிவான ஒலி) வைத்து, ஹால் ரிவெர்ப் (பெரிய மண்டபத்து எதிரொலி) கொடுக்கலாம் என்று திட்டம். சரியா?
(நாங்குநேரி பக்கம்)

சரியில்லை. மூன்றும் சரியில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் இப்படித் தனித்தனியாக வேறு ஓரிடத்தில் எடுத்த வில்லுப்பாட்டு ஒன்றை என்னிடம் மிக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாம் சுத்தமாக இருந்தது. தலைமைப் பாடகரான அண்ணாவி ஒரு நாள், உடுக்கை ஒரு நாள், பின்பாட்டு ஒரு நாள். கதையில் அவர் ஒரு வரி சொன்னதும் 'ஆமா' போட வேண்டியவர்கள், பள்ளிக்கூடத்தில் பெயர் வாசிக்கும்போது 'உள்ளேன் ஐயா' சொல்வதுபோல் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் இழுத்து நகர்த்தி ஒட்டினேன். கேட்டுவிட்டு அண்ணாவி கேட்டார்: "இது யாரு பாடுனது?"

வில்லுப்பாட்டில் 'ஆமா' என்பது பதில் மட்டும் இல்லை, அடுத்த வரிக்குத் தள்ளுகிற கை. அது ஒரு இம்மி முந்தினால் கதை ஓடும், பிந்தினால் அண்ணாவி நிறுத்தி ஒரு நையாண்டி சேர்ப்பார். 2021இல் பத்மஸ்ரீ பெற்ற வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் நம்ம நெல்லைச் சீமைக்காரர்; அவர் நிகழ்ச்சிகளின் பதிவுகளை 'ஆமா'வை மட்டும் கவனித்து ஒருமுறை கேளுங்கள். கிளிக் என்ன செய்யும்? கதை சூடு பிடிக்கும் இடத்தில் வேகம் ஏற வேண்டும். சுடலைமாடன் கதையில் அருள் வருகிற இடத்தைத் தொடங்கிய வேகத்திலேயே பாடுவாரா யாராவது? சாமி வராது, தூக்கம்தான் வரும்.

ஆகவே எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து எடுங்கள். 8 இன்புட் இன்டர்ஃபேஸ் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும். அண்ணாவிக்கு ஒரு டைனமிக். அதை நேராக நீட்டாதீர்கள். கீழிருந்து வாயை அண்ணாந்து பார்க்கும்படி வையுங்கள், மைக்கின் முதுகு வில்லைப் பார்க்கட்டும். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம். இதைச் செய்யாவிட்டால் வில்லைத் தட்டும் வீசுகோல் விழும்போதெல்லாம் வில்லின் மணிச்சத்தம் குரல் ட்ராக்கில் ஏறிக்கொள்ளும். பிறகு குரலுக்குத் தெளிவு வேண்டும் என்று மேல்பகுதி ஈக்யூவைக் கொஞ்சம் ஏற்றினாலும் மணிகள்தான் முன்னால் வந்து நிற்கும்.

குடத்துக்கு ஒரு டைனமிக், வாயிலிருந்து ஒரு சாண், ஆனால் நேர் எதிரே வேண்டாம், ஓரமாக. மட்டை விழும்போது கிளம்புகிற காற்று மைக்கை அடித்தால் 'டப்' என்று வெடிக்கும். அந்த அடித்தொனியை எந்த சாம்பிளும் தராது. ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு விதம், அதுதான் அதன் அழகு. உடுக்கைக்கு ஒன்று. பின்பாட்டுக்காரர்களுக்கு எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. வில்லுக்கு மேலே மூன்றடியில் ஒரு கண்டென்சர். மொத்தம் ஐந்து. ஒரு மைக் தன் ஆளிடமிருந்து ஓரடி தூரம் என்றால் பக்கத்து மைக் அதற்கு மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். ஐந்தையும் சேர்த்து ஓட்டி, குடத்தின் பேஸ் மெலிந்தால் அதன் ஃபேஸ் பொத்தானை (அலையைத் தலைகீழாக்குவது) திருப்பிப் பாருங்கள்.

இரண்டு இன்புட்தான், வாடகைக்கும் வழியில்லை என்றால்? இன்னும் நல்லது. இரண்டு மைக்கையும் ஐந்தடி முன்னால் வைத்து, சத்தத்தை ஆட்களை நகர்த்திச் சரி செய்யுங்கள். உடுக்கை தூக்கலா, அவரை ஓரடி பின்னுக்கு உட்காரச் சொல்லுங்கள். அந்தக் காலத்து வானொலியிலும் இசைத்தட்டிலும் ஒரே மைக்கைச் சுற்றி உட்கார்ந்துதான் பாடினார்கள். ஒரு நிமிடம் எடுத்து, ஹெட்போனில் கேட்டு, நகர்த்தி, மறுபடி ஒரு நிமிடம். இதற்கு ஒரு மணி நேரம் போனால் போகட்டும்.

ரிவெர்ப் விஷயம். வில்லுப்பாட்டு பாடும் கோயில் கொடை நடப்பது வேப்பமரத்தடியில், பந்தலுக்குக் கீழே. அங்கே ஹால் ஏது? வில்லுப்பாட்டு காய்ந்த சத்தம். சின்ன அறை ரிவெர்ப் தொட்டும் தொடாமலும் போதும். குளத்துக்கு அந்தப்பக்கம் படுத்துக்கொண்டு குழாய் ஸ்பீக்கரில் கேட்ட ஞாபகம் வேண்டும் என்பவர்கள் 100 மில்லிசெகண்டில் ஒரே ஒரு எக்கோ வையுங்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு.

கர்நாடக சங்கீதம் பாடும் மகளின் பதிவுக்கு ஆட்டோட்யூன் (சுருதி திருத்தும் மென்பொருள்) போட்டேன். சுருதி சேர்ந்தது, ராகம் போய்விட்டது.
(கல்லிடைக்குறிச்சி)

சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆட்டோட்யூனை 1997இல் கொண்டுவந்த ஆண்டி ஹில்டிபிராண்ட், அதற்கு முன் பூமிக்கடியில் எண்ணெய் தேடும் அதிர்வுக் கணக்குகளைப் பார்த்தவர். அந்தக் கணக்குக்குப் பன்னிரண்டு படிகள் தெரியும்; தோடி ராகத்தின் காந்தாரம் படியில் நிற்பதில்லை, ஆடுகிறது. திருத்தும் வேகத்தைக் கூட்டினால் ஆட்டத்தைப் பிழை என்று நினைத்து நேராக்கிவிடும். கமகம் உள்ள இடத்தை விட்டுவிட்டு, நீண்டு நிற்கும் சட்ஜம், பஞ்சமத்தில் மட்டும் கையால் திருத்துங்கள். அதைவிட, தம்புராவை அவர் காதில் கொஞ்சம் கூட்டி வைத்து இன்னொரு டேக் எடுங்கள். பத்து நிமிட வேலை.

சபையின் பாடகர் குழு, நாற்பது பேர், ஆலயத்திலேயே பதிவு. கண்டென்சர் இரண்டு இருக்கிறது.
(நாசரேத்)

போதும். இரண்டையும் ஒரே ஸ்டாண்டில், 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி கோணம், ஏழெட்டு அடி உயரம். முன்வரிசைக்கு மிக அருகில் வைத்தால் நான்கு பேர் பாட்டாகிவிடும். பத்தடி தள்ளித் தொடங்கி, ஒரு நிமிடம் எடுத்துக் கேட்டு, முன்பின் நகர்த்துங்கள். மின்விசிறி எல்லாம் அணைத்தாக வேண்டும். வியர்க்கத்தான் செய்யும். அதனால் விடிகாலையில் எடுங்கள்.

யூடியூபில் என் பாட்டு மட்டும் சினிமாப் பாட்டைவிடச் சத்தம் குறைவு. லிமிட்டரை (உச்சத்தை நசுக்கிச் சத்தம் கூட்டும் கருவி) இன்னும் தள்ளவா?
(சங்கரன்கோவில்)

தள்ளாதீர்கள். -14 எல்யூஎஃப்எஸ்ஸை (காதுக்குப் படும் சத்தத்தின் அளவு) தாண்டியதை யூடியூப் தானே இறக்கிவிடும். நீங்கள் -7 வரை நசுக்கி அனுப்பினால் நசுங்கல் மட்டும் மிஞ்சும். குறைவாக இருந்தால் அது ஏற்றித் தராது என்பதும் உண்மை. எனவே -14 பக்கத்தில், உச்சம் (ட்ரூ பீக்) -1 டெசிபல் என்று முடியுங்கள். உங்கள் பாட்டைக் கேட்டேன். சத்தம் குறைவில்லை, 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை சேறு. தபலா, கிட்டார், கீபோர்டு மூன்றும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டை நகர்த்துங்கள்.

ஹெட்போனில் பேஸ் அருமை. போனில் போட்டால் பேஸே இல்லை.
(நெல்லை டவுன்)

போன் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் பேசாது. பேஸ் ட்ராக்கில் கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான ஒலிச் சிதைவு) சேர்த்தால் அதன் மேல்மடங்குகள் போனிலும் கேட்கும், காது அடியை ஊகித்துக்கொள்ளும். மோனோவிலும் ஒருமுறை கேளுங்கள். மினிபஸ்ஸில் கேட்டால் இன்னும் நல்லது, டிரைவர் சம்மதித்தால்.

சாரல் காலத்தில் கண்டென்சர் மைக் கரகரக்கிறது.
(தென்காசி)

ஈரம். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசிக்குள் வேண்டாம், தவிட்டுத்தூள் உள்ளே போகும். மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கேபிளைக் கழற்றுங்கள். இதை மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

என் பாட்டை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருக்கிறேன். மிக்ஸ் எப்படி?
(ஊர் எழுதவில்லை)

வேவ் ஃபைலாக அனுப்புங்கள். ஊரையும் எழுதுங்கள்.