மேப்பிள் மரத்தடி வீடும் கூரைப் பீலியும்

தம்பி, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பழைய பங்களா வீடு வாங்கியிருக்கிறீர்கள், வாசலிலும் பின்வளவிலும் பெரிய மேப்பிள் நிற்கிறது. ஸ்நோ விழமுதல் ஒருக்கால், கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் பீலியைத் துப்புரவாக்கினால் காணுமா, கதவைத் தட்டி வந்தவர் சொன்ன, பீலிக்குள் குப்பை விழாமல் தடுக்கும் வலை மூடியைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருக்கால் காணாது. எத்தனை தரம் என்பதை உங்கள் மரம்தான் சொல்லும்.

முதலில் மரத்தைப் பாருங்கள். இலையின் அடிப்பக்கம் வெள்ளையாக, விளிம்பு ஆழமாக வெட்டுப்பட்டிருந்தால் அது சில்வர் மேப்பிள். இலைக்காம்பை ஒடிக்கப் பால் வந்தால் நோர்வே மேப்பிள். சில்வர் மேப்பிள் மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் இறக்கை வைத்த விதைகளைக் கொட்டும். இலையைவிட இதுதான் கரைச்சல். காய்ந்த இலையில் ஒரு பகுதியைக் காற்றே கொண்டுபோகும். விதையோ பீலியின் சேற்றில் குத்தி நின்று முளைத்து, வேரால் எல்லாவற்றையும் பின்னிவிடும். ஆகவே ஜூன் நடுவில் ஒரு தரம் கட்டாயம். நோர்வே மேப்பிள் நவம்பர் வரை இலையைப் பிடித்து வைத்திருக்கும். ஒக்டோபரில் வரும் தாங்ஸ்கிவிங் நீண்ட வார இறுதியில் துப்புரவாக்கினால் அந்த மரத்தடியில் வேலை வீண். கடைசி இலை விழுந்த பிறகு, பீலிக்குள் தண்ணீர் உறைய முதல், அந்த ஒன்றிரண்டு கிழமைக்குள் செய்யவேண்டும்.

ஏணியை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வையுங்கள்: பீலி 12 அடி உயரமென்றால் ஏணியின் அடி 3 அடி தள்ளி நிற்கவேண்டும். அலுமினியப் பீலியில் ஏணியைச் சாய்த்தால் நெளியும். சுவரில் ஊன்றும் தாங்கி ஒன்று வாங்கி ஏணியில் பூட்டுங்கள். பழைய ஸ்காபரோ வீடுகள் பலவற்றுக்கு மின்கம்பி மேலால்தான் வருகிறது. அதிலிருந்து 3 மீற்றர் தள்ளியே ஏணி நிற்கவேண்டும்.

தண்ணீர் இறங்கும் குழாய் இருக்கும் முனையில் தொடங்கி, அதற்கு எதிர்ப்பக்கமாக அள்ளிக்கொண்டு போங்கள். குழாயை நோக்கித் தள்ளினால் குப்பை முழுவதும் அதற்குள் போய் அடைத்துவிடும். பிளாஸ்டிக் கரண்டி நல்லது. இரும்பு, பீலியின் பூச்சைக் கீறும். அள்ளியதைக் கடதாசிப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக் பையென்றால் மாநகரசபை எடுக்காது. பிறகு குழாய்க்குத் தூரமான முனையிலிருந்து ஹோஸ் பிடியுங்கள். தண்ணீர் தேங்கி வழிந்தால் அடைப்பு பெரும்பாலும் குழாயின் வளைவில்தான். கீழ் வளைவின் திருகாணிகளைக் கழற்றி, கீழிருந்து மேலாக ஹோஸ் விடுங்கள். குழாய் திறந்திருந்தும் தண்ணீர் நின்றால் சரிவு போதாது. 10 அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும்; உள்ளே இருக்கும் கொக்கிகளில் இரண்டொன்று கழன்றிருக்கும், அவற்றை இறுக்கினாலே பல நேரம் சரிவரும்.

பீலியை மட்டும் பார்த்துக் கூரையை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். இரண்டு கூரைச் சரிவு சந்திக்கும் பள்ளத்திலும் புகைக்கூண்டின் மேற்பக்கத்திலும் குப்பை தங்கும். அது ஈரத்தைப் பிடித்து வைக்க, தண்ணீர் பக்கவாட்டில் ஷிங்கிளுக்கு, அதாவது கூரைமேல் அடுக்கிய தகடுகளுக்கு, அடியில் ஊரும். நிலத்தில் நின்றபடி நீளத் தடியில் மென்மையான தூரிகை கட்டி, மேலிருந்து கீழாக இழுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம்; ஷிங்கிளின் மணலை உரித்துவிடும். பீலிக்குள் அந்த மணல் கைநிறைய வருகிறதென்றால், கூரை மாற்றும் காலம் கிட்டுகிறது என்று காசு சேர்க்கத் தொடங்கலாம். கூரையைத் தொடும் கொப்புகளை வெட்டுவிக்கலாம், ரக்கூன் ஏறும் வழியும் குறையும். ஆனால் வாசலில் வீதியோரம் நிற்பது பெரும்பாலும் நகரத்தின் மரம். அதில் கை வைக்காமல் மாநகரசபையின் 311 தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். உங்கள் சொந்த மரமானாலும் நெஞ்சளவு உயரத்தில் 30 சென்ரிமீற்றர் விட்டமோ கூடவோ இருந்தால் தறிக்க அனுமதி வேண்டும்.

வலை மூடி விஷயம். ஸ்பொஞ்ச் வகை வேண்டவே வேண்டாம், விதை அதிலேயே முளைக்கும். மலிவான பிளாஸ்டிக் வலையின் ஓட்டையில் மேப்பிள் விதை செங்குத்தாகக் குத்திக்கொள்ளும். நுண்ணிய எவர்சில்வர் வலை இலைக்கு நல்லது, ஆனாலும் மேலே படிவதை ஆண்டுக்கொரு தரம் தட்டவேண்டும். “வாழ்நாள் முழுக்கத் தொடத் தேவையில்லை” என்பது வியாபாரப் பேச்சு. அந்தக் காசில் முதலில் 2க்கு 3 அங்குலக் குழாயை 3க்கு 4 ஆக்குங்கள், அடைப்பு குறையும். ரொறன்ரோவில் கூரைத் தண்ணீர்க் குழாயை நிலத்தடிச் சாக்கடையில் இணைத்து வைக்க இப்போது விதி இடம் கொடாது. அதனால் நீட்டுக்குழாய் போட்டு அத்திவாரத்திலிருந்து 2 மீற்றர் தள்ளி விடுங்கள், இல்லையென்றால் பேஸ்மன்ட் ஈரமாகும். குளிர்காலத்தில் அதன் வாய் நடைபாதைப் பக்கம் இருக்கக்கூடாது. உறைந்து ஆளை விழுத்தும்.

கூரை விளிம்பில் பனிக்கட்டி அணைபோல் கட்டுவதற்குப் பீலிக் குப்பை முதற்காரணம் அல்ல. வீட்டுச் சூடு, கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள அட்டிக்குக்குள் கசிந்து மேல் ஸ்நோவை உருக்கும். அந்தத் தண்ணீர் குளிர்ந்த விளிம்புக்கு வந்து உறையும். பின்னால் வருவது ஷிங்கிளுக்கு அடியால் வீட்டுக்குள் இறங்கும். குளியலறை விசிறியின் குழாய் அட்டிக்குக்குள்ளேயே விடப்பட்டிருக்கிறதா, கூரையடிக் காற்றுத் துவாரங்களைக் காப்புப் பஞ்சு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பஞ்சு, சூட்டைத் தடுக்கும் திறனில் ஆர்-60 அளவுக்கு இருக்கவேண்டும். பெரிய ஸ்நோவுக்குப் பிறகு, நீளப்பிடி கூரை வாரியால் நிலத்தில் நின்றே விளிம்பின் 3, 4 அடியை மட்டும் இழுத்துவிடுங்கள்; அடியில் ஓரிரு அங்குலத்தை விட்டுவிடுங்கள், குளிரில் ஷிங்கிள் முறுகியிருக்கும். பனிக்கட்டி அணை கட்டிவிட்டால் கோடரியால் கொத்தவேண்டாம். பழைய நைலோன் காலுறைக்குள் கல்சியம் குளோரைட்டை நிரப்பி, கட்டிக்குக் குறுக்காக, கீழ்முனை பீலிக்கு மேல் தொங்க வையுங்கள். உருகித் தண்ணீருக்கு வழி விடும். சாதாரண உப்பு அலுமினியத்தையும் கீழே நிற்கும் செடியையும் கெடுக்கும்.

இரண்டு மாடி உயரமென்றால் ஆள் பிடிப்பதே சரி. வேலையிட விபத்துக் காப்புறுதிக்கான டபிள்யூ.எஸ்.ஐ.பி. சான்றும் பொறுப்புக் காப்புறுதியும் கேட்டுப் பாருங்கள். கூரைப் பள்ளத்துக்கு முன்னும் பின்னும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள், ஏனென்றால் பலர் பீலியோடு நிறுத்திவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.