கொல்லை ஷெட்டுக்கு வயரிங்

கேள்வி: வீட்டைப் புதுப்பிக்கிறோம். பிற்பாடு கொல்லையில் ஷெட் போடும் எண்ணம். தரைக்கு டைல்ஸ் ஒட்டுமுன் வயரிங்குக்கு என்ன செய்யலாம்?

பதில்: வயர் இப்போது வேண்டாம், பைப்பைப் புதைத்துவிடுங்கள். இரண்டு அடி ஆழத்தில் 40 மி.மீ. கனமான பிவிசி பைப் இரண்டு: ஒன்று கரண்டுக்கு, மற்றது கேமரா, இன்டர்நெட் கேபிளுக்கு. திருப்பத்தில் எல்போ (சட்டென்று மடங்கும் இணைப்பு) போடப் பார்ப்பார்கள், விடாதீர்கள். கேபிள் அங்கேதான் சிக்கும். லாங் பெண்ட் (நீளமாக வளையும் இணைப்பு) போடச் சொல்லுங்கள். பின்னால் கேபிளை இழுக்க உள்ளே நைலான் கயிறு கோத்து, இரு முனைக்கும் மூடி போடுங்கள். இல்லாவிட்டால் சிமென்ட் பால் இறங்கி உறைந்துவிடும். மண் மூடுமுன், சுவரிலிருந்து டேப் பிடித்தபடி போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டின் டிபி பெட்டியில் (கரண்ட் பிரியும் பெட்டி) நான்கு ஸ்விட்ச் இடம் காலியாக இருக்கட்டும். ஷெட்டுக்கான எம்சிபியும் (லோடு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) அங்கே வரும். பைப்பில் ஈரம் எப்படியும் சேரும். ஆகவே பின்னால் இழுக்கும்போது சாதாரண வீட்டு வயர் ஆகாது, மூன்று கோர் (உள்ளே மூன்று தனி வயர்) சேர்த்து மேலே உறையிட்ட செம்பு கேபிள்தான். லைட், ஃபேன், டிரில்லிங் மெஷினுக்கு 4 சதுர மி.மீ. போதும். கார் சார்ஜர் வருமென்றால் 6-க்குக் குறையக் கூடாது.