நான்கு பேருக்கு இரண்டு டிக்கெட் விலையா? பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: கோடை விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் பினாங்கு போய்த் திரும்பும் மூன்று இரவுப் பயணத்துக்கு விசாரித்தோம். நான், கணவர், 12 வயது மகள், 68 வயது மாமியார் ஆகிய நால்வரும் போகிறோம். “மூன்றாவது, நான்காவது நபருக்குக் கட்டணமே இல்லை, எல்லாம் அடக்கம்” என்கிறார் ஏஜெண்ட். இந்த வாரமே முழுத் தொகையும் வேண்டுமாம். செலவை இன்னும் குறைக்க வழி உண்டா? - ஒரு வாசகி, திருச்சி.

பதில்: வழி உண்டு. அதற்கு முன், இந்த வாரம் அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அவர் இலவசம் என்று சொல்வது அறை வாடகையை மட்டும்தான். துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான டிப்ஸ் மூன்றும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுபவை. உங்கள் மகளுக்கும் உண்டு. பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவற்றில் டிப்ஸ் மட்டுமே ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை ஆகிறது. 18 என்று வைத்தாலும் நான்கு பேருக்கு மூன்று இரவுக்கு 216 டாலர். முன்கூட்டிக் கட்டவில்லை என்றால் அது உங்கள் அறைக் கணக்கில் சேர்ந்து, இறங்கும் நேரத்தில் கார்டிலிருந்து கழியும். அப்போது ஏஜெண்டின் ‘எல்லாம் அடக்கம்’ உதவிக்கு வராது.

எனவே அவருடைய லெட்டர்ஹெட்டில் தட்டிய விலைப்பட்டியலை ஏற்காதீர்கள். கப்பல் நிறுவனமே தரும் முன்பதிவு எண்ணையும் உறுதிச் சீட்டையும் கேளுங்கள். அதில் நால்வர் பெயரும், வாடகை, வரி, டிப்ஸ் தனித்தனியாகவும் இருக்க வேண்டும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். பயணத்துக்குப் பல மாதங்கள் இருந்தால் நிறுவனங்கள் முன்பணம்தான் கேட்கும். மீதிப் பணம் அதுவரை உங்கள் வங்கியில் இருக்கட்டும். எண்ணைத் தரத் தயங்குகிற ஏஜெண்டிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

கலிபோர்னியாவில் 2024 ஜூலையிலிருந்து கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்துத்தான் விளம்பர விலையைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கும் 2023 நவம்பரில், விலையைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்தி ஏமாற்றுவது கூடாது என்று மத்திய அரசு விதி வகுத்தது. விதி இருந்தும் செய்தித்தாளைத் திறந்தால் அதே நட்சத்திரக் குறி, அதே பொடி எழுத்து! புகார் கொடுக்க வேண்டிய வேலையும் ஏமாந்தவர் தலையில்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

ஒரே அறையில் நால்வர் தங்குவதுதான் பொதுவாக மலிவு. ஜன்னல் இல்லாத உள்ளறை போதும். மூன்று இரவில் தூங்க மட்டுமே அங்கே போவீர்கள். ஆனால் உங்கள் மாமியாரை நினைத்து ஒன்று சொல்ல வேண்டும். நால்வர் அறையில் கீழே இரண்டு படுக்கைதான் இருக்கும். மற்ற இரண்டும் கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ மடக்கி இறக்குபவை, சிறு ஏணி வைத்து ஏற வேண்டும். அவருக்குக் கீழ்ப்படுக்கை என்று முடிவாகிவிட்டால், மகளும் உங்களில் ஒருவரும் மேலே ஏற வேண்டும். குளியலறையும் ஒன்றே; இரவில் இரண்டு முறை எழுபவர் என்றால், இருட்டில் ஏணிக்கும் கட்டிலுக்கும் நடுவே நுழைந்து போவார். மூட்டுவலி இருந்தால் இரண்டு உள்ளறைகளின் விலையையும் கேளுங்கள். பள்ளி விடுமுறைக்கு வெளியே, வார நடுவில் புறப்படும் பயணங்களில் ஓர் அறைக்கும் இரண்டு அறைகளுக்குமான விலை வித்தியாசம் சில சமயம் தாங்கக்கூடியதாக இருக்கும். கோடை விடுமுறையில் அப்படி இருக்காது. அப்போதும் மாமியார் வசதிக்காகக் கொடுப்பதை நான் வீண்செலவு என்று சொல்ல மாட்டேன்.

பினாங்கில் கப்பல் விற்கும் சுற்றுலா பஸ் உங்களுக்குத் தேவையில்லை. ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் நிற்கும். அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கும், குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலுக்கும் நடந்தே போய்விடலாம்.

சிங்கப்பூர் விசா கைக்கு வந்ததும், பலமுறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். கப்பலில் திரும்பி வருவதும் இன்னொரு நுழைவுதான். சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டிய வருகை அட்டையை அந்நாட்டு அரசுத் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள். பேக்கேஜில் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்தால் உங்கள் பான் எண்ணைக் கொடுங்கள். சில மாதங்கள் கழித்து வருமான வரித் துறையின் தளத்தில் உங்கள் வரி விவரத்தில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். வசூலித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

கப்பல் கரையை விட்டதும் நால்வரின் போனையும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் போன் கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் வாங்கிய சிங்கப்பூர், மலேசிய ரோமிங் பேக் பொதுவாக அங்கே செல்லாது.